சிறகருக்கு ஒரு விதி

முனீஸ்வரன் சொன்னால் நாலு பேர் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொள்ளும் இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஓசூரில் பாகலூர் சாலையில், தானிஷின் மொபைல் கடைக்கு மேலே இருந்த அறை அது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே கூடுவார்கள். இருட்டுவதற்குள் கலைந்துவிடுவார்கள்.

மற்ற இடங்களிலெல்லாம் அவன் கேட்டுக்கொள்கிறவன். வேப்பனப்பள்ளிப் பக்கத்து மாந்தோப்புகளில் கூலிக்கு மருந்தடித்துக் காய் பறித்த கரியப்பனுக்கும் செல்லிக்கும் கடைசிப் பிள்ளை. கிருஷ்ணகிரியில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு சிப்காட்டில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு வந்தவன், ஒன்பது வருஷமாக அங்கேயே ஒப்பந்தத் தொழிலாளி. பதினோரு மாதத்துக்கு ஒருமுறை அவன் வேலை முடிந்ததாக எழுதுவார்கள், ஒரு வாரம் கழித்துப் புதிதாகச் சேர்ந்ததாக எழுதுவார்கள். செய்வது மட்டும் அதே இயந்திரம், அதே உதிரி. வயது முப்பத்துநாலு.

ஆட்டத்தை அவனுக்குக் காட்டியது பெங்களூரிலிருந்து ஆறு மாதப் பயிற்சிக்கு வந்த ஒருவன். பலகை கிடையாது, காய் கிடையாது. ஆளுக்கொரு தாளும் பென்சிலும்தான். நடத்துகிறவன் ஒரு நாட்டை வாயாலேயே சொல்வான்: இதோ கோட்டை, இதோ அகழி, உள்ளே இன்னார் ஒளிந்திருக்கிறார். ஆடுகிறவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, நான் இதைச் செய்கிறேன் என்பார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை சொல்லும். தகராறு வந்தால் நடத்துகிறவன் வைத்ததே தீர்ப்பு. பயிற்சிக்காரன் போகும்போது தன் தடித்த ஆங்கில விதிப்புத்தகத்தை விட்டுவிட்டுப் போனான். முனீஸ்வரன் அதை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையில் போனில் வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் பார்த்து இரண்டு வருஷம் படித்தான். பிறகு மூடி வைத்துவிட்டு, மூன்று நீளநோட்டுகளில் தமிழில் தானே ஓர் ஆட்டத்தை எழுதினான்.

பகடையைக்கூட அவனே செய்தான். கழிவு அலுமினியத் துண்டொன்றைக் கேட்டு வாங்கி, ஷிஃப்ட் முடிந்த பிறகு நின்று, இருபது முகம் சீவி எடுத்தான். வீட்டுக்குக் கொண்டுபோய் ஆயிரம் தடவை உருட்டிக் குறித்துப் பார்த்ததில் ஏழு கொஞ்சம் அதிகமாக விழுந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி ஒன்று சீவினான். அப்படிப்பட்ட ஆள்.

அந்த நாட்டில் பல வகை மக்கள் உண்டு. அந்த வகைக்கு என்ன பேர் வைப்பது என்பதிலேயே அவனுக்கு ஒரு மாதம் போயிற்று. சாதி என்று எழுதக் கை கூசியது. குலம் என்று எழுதிப் பார்த்தான், அதிலும் அதே வாடை. கடைசியில் இனம் என்று வைத்தான். கல்லிலிருந்து பிறந்தவர்களுக்கு முதலில் கல்லர் என்று எழுதியிருந்தான். அதைப் படித்த லாவண்யா, "அண்ணா, இத யாராச்சும் அவசரத்துல அழுத்திப் படிச்சா ஊர்ல அடிதடி ஆயிடும்" என்றாள். உடனே கருங்கல்லார் என்று மாற்றினான். லாவண்யா ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். ஆட்டத்தில் மனித இனத்து மருத்துவச்சி. தானிஷ் கருங்கல்லார் இனம். அடி தாங்குவான், ஆனால் தண்ணீரில் இறங்கினால் முழுகிவிடுவான்.

"ஒரு இனத்துக்கு என்னா பலம் வேணும்னாலும் குடுக்கலாம்" என்று முனீஸ்வரன் அவர்களிடம் அடிக்கடி சொல்வான். "ஆனா அவன் மத்தவங்ககிட்ட வந்து, கொஞ்சம் கை குடுங்கப்பான்னு நிக்கிற எடம் ஒண்ணு இருக்கணும். அந்த எடம் இல்லன்னா அவன் ஒருத்தன்தான் ஆடுவான். மத்தவங்க டிக்கெட் வாங்குன சனம்."

அந்த நிதானத்தோடு மூன்று வருஷம் ஆட்டம் நடந்தது. அதற்குப் பிறகுதான் மோகன்குமார் வந்தார்.

மோகன்குமார் தொழிற்சாலைக்குப் புதிதாக வந்த ஷிஃப்ட் இன்ஜினியர், மத்தூர்க்காரர். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. டீ நேரத்தில் கேன்டீனில் முனீஸ்வரன் நோட்டில் எழுதிக்கொண்டிருப்பதை எட்டிப் பார்த்துவிட்டு, "காலேஜ்ல நாங்களும் இத ஆடியிருக்கோம்பா, நானும் வர்றனே" என்றார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அடுத்த ஞாயிறு வந்துவிட்டார். மேசையில் எல்லோரும் எல்லோரையும் பாத்திரத்தின் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அவரை மட்டும் எல்லோரும் சார் என்றார்கள்.

நோட்டைப் புரட்டியவர் சிறகர் என்ற பக்கத்தில் நின்றார். அப்போது அந்தப் பக்கத்தில் இரண்டே வரிதான் இருந்தது: முதுகில் சிறகுண்டு, பறப்பார்கள்.

"அது இன்னும் முடியல சார்" என்றான் முனீஸ்வரன்.

"முடிஞ்ச வரைக்கும் போதும்பா. நான் இதையே எடுத்துக்கறன்."

முதல் வாரம் ஓர் அகழிக் கோட்டை. அதற்குள் நுழைய மூன்று வழி யோசித்து, ஒவ்வொரு வழியிலும் ஒரு சிக்கல் வைத்து, முனீஸ்வரன் மூன்று வாரம் உழைத்திருந்தான். மோகன்குமார், "நான் பறந்து உள்ள எறங்கி கதவத் தெறந்து உடறன்" என்றார். ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் ஒரு பள்ளத்தாக்கு. அதையும் பறந்தே தாண்டினார். அதற்கடுத்து வழிப்பறிக்காரர்கள். வில்லை எடுத்துக்கொண்டு மேலே போய் நின்றுகொண்டார். கீழேயிருந்து ஒருவனாலும் அவரைத் தொட முடியவில்லை. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. தானிஷ் போனை எடுத்து நோண்டிக்கொண்டிருந்தான்.

முனீஸ்வரனுக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. பழுதான உதிரியைச் சோதிக்காமல் வெளியே அனுப்பியவனின் வெட்கம். உட்கார்ந்து எழுத ஆரம்பித்தான். தொழிற்சாலைப் பேருந்தில், கேன்டீனில், மாதேஸ்வரி சமைக்கும்போது அடுப்படி வாசலில். மாதேஸ்வரி அவன் மனைவி. பாகலூரில் ரோஜாப் பண்ணையில் பூ தரம் பிரிக்கிற வேலை. சிறகனையும் மற்ற இனத்தாரையும் மோதவிட்டு நாற்பது சண்டை தனியாகவே உருட்டிப் பார்த்தான். முப்பத்தாறில் சிறகன் ஜெயித்தான். பிறகு நாலு வரி சேர்த்தான். எலும்பு உள்ளீடற்றது, ஆகவே இரும்புக் கவசம் தாங்காது, விழும் அடி இரட்டிப்பாகும். பத்து மூச்சுக்கு மேல் தொடர்ந்து பறக்க முடியாது. இன்னொருவரைத் தூக்கிக்கொண்டு பறக்க முடியாது. மழையில் சிறகு நனைந்தால் காயும்வரை தரையில் நடந்தாக வேண்டும். மறுபடி நாற்பது சண்டை. இப்போது சிறகனுக்கு இருபத்திரண்டு. பலசாலிதான், ஆனால் மழைக்கு அண்ணாந்து பார்க்க வேண்டிய பலசாலி.

வெள்ளிக்கிழமை அந்தத் தாளை மருந்துக்கடைக்கே கொண்டுபோய் லாவண்யாவிடம் காட்டினான். அவள் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். ஓரத்தில் அவன் எழுதியிருந்த முப்பத்தாறையும் இருபத்திரண்டையும் விரலால் தொட்டாள்.

"மழையில நனைஞ்சா நடக்கணும்னு போட்டிருக்கீங்க பாருங்க, அதாங்கண்ணா இதுல அழகு. இத்தன நாளு நீங்க எழுதுனதுல இதான் நல்லாருக்கு."

அவன் வாழ்நாளில் யாரும் அவனைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மறுநாள் சனிக்கிழமை. இயந்திரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்ற மோகன்குமார், "உங்க கான்ட்ராக்ட் பேட்ச் லிஸ்ட் ஒண்ணு மெயில்ல வந்துச்சு. உன் பேரும் பாத்தன்" என்றார். இரண்டடி போனவர் திரும்பி, "நாளைக்கு வர்றன். என் ஆளுக்கு ஒரு நல்ல ஈட்டி கெடைக்கிற மாதிரி பாத்துக்க" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அந்த இரண்டு பேச்சையும் முனீஸ்வரன் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொண்டான். அவனுடைய பதினோரு மாதம் தையில் முடிகிறது. இந்தத் தடவை பத்துப் பேரை நிரந்தரம் ஆக்குவார்கள் என்று ஒரு பேச்சும் இருந்தது. அன்று சாயந்திரம் மாதேஸ்வரியிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் கையில் ரோஜா முள் குத்திய இடத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அவரு றெக்கைய வெட்டி உங்களுக்கு இன்னா ஆவப்போவுது?"

"வெட்டல. ஒரு அளவு வெக்கிறன்."

"ரெண்டும் ஒண்ணுதான் அவருக்கு. வெளையாட்டுதானங்க. உட்டுக் குடுத்தா கொறஞ்சா பூடுவீங்க? ஒம்போது வருசமா அங்க விட்டுக் குடுக்குறீங்க, இங்க ஒரு நாளு குடுக்க முடியாதா?"

அவள் சொன்னதில் தப்பு எதுவும் அவனுக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தாள் அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. மோகன்குமாரின் சிறகனுக்கு ஒரு பாழடைந்த கோயிலில் ஈட்டி கிடைத்தது. லாவண்யா ஆட்டம் முழுக்க அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். படியிறங்கும்போது, "தாளு?" என்று மட்டும் கேட்டாள். "இன்னும் கொஞ்சம் பாக்கணும்" என்றான்.

அதற்குப் பிறகு அந்த நாட்டில் மழை பெய்யவில்லை. குகைகள் இல்லாமல் போயின, அடர்ந்த காடுகள் இல்லாமல் போயின. கோட்டைகளுக்குக் கூரை இருக்கவில்லை. எதிரிகளிடம் வில் இருக்கவில்லை. ஒரு சிறகனுக்கு எங்கும் இடிக்காதபடி முனீஸ்வரன் ஒரு நாட்டையே வழித்துச் சமமாக்கினான். சொல்லப்போனால், அதைச் செய்வதற்கும் அவனுக்கு அதே திறமைதான் தேவைப்பட்டது. மோகன்குமார் வாராவாரம் ஜெயித்தார். திங்கட்கிழமை தொழிற்சாலையில் அவர் தலையசைத்தால் முனீஸ்வரன் அதை எடுத்து உள்ளே பத்திரப்படுத்திக்கொண்டான்.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு. ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றைக் கொள்ளைக்கூட்டம் வளைத்துக்கொண்டது. லாவண்யா ஒரு மணி நேரம் திட்டம் போட்டாள். ஈர வைக்கோலைக் கொளுத்திப் புகை கிளப்புவது, தானிஷ் பாலத்தை அடைத்துக்கொண்டு நிற்பது, கிராமத்துப் பெண்களைப் படகில் ஏற்றி அக்கரை சேர்ப்பது. அறைக்குள் பழைய நாள் மறுபடி வந்ததுபோல் இருந்தது. தானிஷ்கூடப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பாலம் எவ்வளவு அகலம் என்று கேட்டான். அப்போது மோகன்குமார் கொட்டாவி விட்டுக்கொண்டே, "நான் மேல போயி தலைவன முடிச்சுட்டு வந்துடறன்" என்று பகடையை உருட்டினார். பதினாலு. தலைவன் செத்தான், கூட்டம் ஓடியது. வைக்கோல் கொளுத்தப்படாமலே கிடந்தது.

லாவண்யா பென்சிலைக் கீழே வைத்தாள்.

"அண்ணா, இது சரியில்ல. பறக்கறதுக்கு ஒரு அளவு வேணும்."

மோகன்குமார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "வேணும்னா வெச்சுக்கலாம். நடத்தறவன் நீதானப்பா முனீஸ்வரா. நீ சொல்லு."

அந்தக் குரலில் மிரட்டல் எதுவும் இல்லை என்பதை அவன் வெகுநாள் கழித்துத்தான் ஒப்புக்கொண்டான். அன்றைக்கு அவன் காதில் விழுந்தது தை மாதம்தான்.

"சிறகர் சரியாத்தான் இருக்காங்க" என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பொய்க்கு ஒரு முட்டுக் கொடுக்காமல் அவனால் இருக்க முடியவில்லை. "நாப்பது சண்ட உருட்டிப் பாத்துத்தான் சொல்றன். மனுச இனத்த எடுத்தவங்க இன்னும் கொஞ்சம் யோசிச்சு ஆடணும்."

"நாப்பது சண்டையாண்ணா?"

"ஆமா."

"எத்தனைல சிறகன் ஜெயிச்சான்?"

அவன் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "இருபத்திரண்டு."

லாவண்யாவுக்குக் கோபம் வந்த மாதிரி தெரியவில்லை. தன் மருத்துவச்சியின் தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "எனக்கு டூட்டி இருக்குது" என்று எழுந்து போனாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வார விடுமுறை என்பது அறையில் எல்லோருக்கும் தெரியும். அடுத்த வாரம் தானிஷ் போன் பண்ணி, மேல் அறையில் சரக்கு இறக்கியிருக்கிறது, கொஞ்ச நாள் முடியாது என்றான். என்ன சரக்கு என்று முனீஸ்வரன் கேட்கவில்லை.

தையில் அந்த வரிசை இயந்திரங்களையே வேறு ஊருக்குக் கொண்டுபோனார்கள். நிரந்தரம் என்ற பேச்சு எங்கிருந்து கிளம்பியதோ அங்கேயே போய்ச் சேர்ந்தது. ஒப்பந்தக்காரர்கள் அறுபத்துமூன்று பேரையும் ஒரே நாளில் வேண்டாம் என்றார்கள். முனீஸ்வரன் மோகன்குமாரைத் தேடிக்கொண்டு போனான். அவர் கேபினில் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தார். அவருக்கு வேறு பிரிவு.

"சார், நீங்க ஒரு வார்த்த சொன்னா..."

"யார்கிட்டப்பா சொல்றது? உங்க லிஸ்ட் எதுவும் எங்கிட்ட வர்றதே இல்ல. எல்லாம் கான்ட்ராக்டர் ஆபீஸ் பாத்துக்கறது."

"அன்னிக்கு லிஸ்ட்ல என் பேரு பாத்தன்னு சொன்னீங்களே சார்."

மோகன்குமார் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார். "ஓ, அதா. சேஃப்டி ஷூ லிஸ்ட்டுப்பா அது. எல்லாருக்கும் சைஸ் கேட்டு அனுப்பியிருந்தாங்க. நீ ஒம்போதுதான?"

முனீஸ்வரன் தலையாட்டினான். ஒன்பதுதான்.

"நம்ம ஆட்டம் நின்னது ஒரு வகைல நல்லதுதான்" என்றார் அவர், பேனாக்களைப் பொறுக்கியபடி. "தப்பா நெனைக்காத, கடைசில போரடிச்சுப் போச்சு. எங்க போனாலும் ஜெயிச்சா என்னா இருக்குது? நீ எங்கயாவது என்ன மடக்குவன்னு வாராவாரம் பாத்தன். அந்தப் பொண்ணு கேட்டப்பவாவது செய்வன்னு நெனச்சன்."

அவன் எப்படி வெளியே வந்தான், எந்தப் பேருந்தில் ஏறினான் என்பதெல்லாம் அவனுக்கே சரியாக நினைவில்லை. யாராவது தன்னை ஏமாற்றியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. திட்டுவதற்கு ஓர் ஆளாவது கிடைத்திருப்பான். வீட்டில் மாதேஸ்வரியிடம் வேலை போனதைச் சொன்னான். ஷூ விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் அவள் சிரித்துவிடுவாளோ என்று பயம். அழுதுவிடுவாளோ என்றும் பயம்.

இரண்டு மாதம் அலைந்து, கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் ஒரு சின்னப் பட்டறையில் சேர்ந்தான். எட்டுப் பேர் வேலை செய்யும் இடம். கன்னடத்தில் திட்டு விழும், தெலுங்கில் சமாதானம் வரும். வேலை வேலைதான்.

சித்திரையில் ஒருநாள் மாதேஸ்வரிக்குக் கையில் முள் குத்தி வீங்கியதற்கு மருந்து வாங்கவேண்டி வந்தது. பக்கத்திலேயே கடை இருக்க, அவன் லாவண்யா இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போனான். அவள் சீட்டை வாங்கி, மாத்திரையை எடுத்துக் கொடுத்து, சாப்பிட்ட பிறகு இரண்டு வேளை என்றாள். பின்னால் ஆள் யாரும் இல்லை. அவன் அங்கேயே நின்றான்.

"லாவண்யா, அன்னிக்கு நான் சொன்னது பொய்யி."

"தெரியுங்கண்ணா."

"வேல போயிடுமோன்னு."

"அதுவும் தெரியும். உங்களுக்கு வேல போனத தானிஷ் சொன்னாரு, அப்பவே புரிஞ்சுது." அவள் கவுன்ட்டரில் கிடந்த காலி அட்டையை எடுத்துக் குப்பையில் போட்டாள். "இப்ப நாங்க மறுபடி ஆடறோம். நான்தான் நடத்தறன். அஞ்சு பேரு வர்றாங்க."

"சிறகர் இருக்காங்களா?"

"இருக்காங்க. பத்து மூச்சு, மழை, எல்லாம் எனக்கு நெனப்புல இருந்த வரைக்கும் நானே எழுதிக்கிட்டன். உங்களது அளவுக்கு நல்லா வரல. ஆனா விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"யாரு எடுத்திருக்காங்க?"

"மோகன்குமார் சார்தான்."

முனீஸ்வரன் கையிலிருந்த மாத்திரைப் பட்டையைத் திருப்பிப் பார்த்தான்.

"போன வாரம் மழையில மாட்டி, ஒரு கெணத்துல விழுந்து செத்துட்டாரு" என்றாள். சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்து, அடக்கிக்கொண்டாள். "கோவிச்சுக்குவாருன்னு பாத்தா, இப்பதாம்மா ஆட்டம் ஆட்டமா இருக்குதுன்னாரு. புதுசா ஒரு மனுசன எழுதிக்கிட்டாரு."

"நானும் வரட்டுமா? நடத்தறதுக்கு இல்ல. சும்மா ஒரு ஆளா."

லாவண்யா இரக்கமில்லாதவள் அல்ல. அவன் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"வேணாங்கண்ணா. நீங்க அங்க இருந்தா, நான் ஒவ்வொரு தடவ தீர்ப்பு சொல்லும்போதும் உங்க மொகத்தப் பாப்பன். நீங்க சரின்னு தலையாட்டுனா அத நம்பணுமான்னு யோசிப்பன். என்னால முடியாது."

பின்னால் ஒரு கிழவர் சீட்டோடு வந்து நின்றார். முனீஸ்வரன் நகர்ந்து வழிவிட்டான். வெளியே வெயில் சாலையில் கொதித்துக்கொண்டிருந்தது. மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தான்.

அந்த வாரம் பட்டறை முதலாளி, ஆர்டர் கூடிவிட்டது, இனி ஞாயிற்றுக்கிழமையும் யாராவது வர முடியுமா என்று கேட்டார். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முனீஸ்வரன், தான் வருவதாகச் சொன்னான். எல்லா வாரமுமா என்று முதலாளி கேட்டதற்கும், ஆமாம் என்றான்.